ரிசீவரில் என்ன சத்தம்? டர்பன் பக்கத்துப் போன்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டர்பனில் கோயில் அலுவலகமோ தமிழ்ப் பள்ளியோ மசாலாக் கடையோ, எங்கே போன் மக்கர் செய்தாலும் வரும் புகார் ஒன்றுதான்: "அண்ணே, லைன் செத்துப்போச்சு." போய் ரிசீவரை எடுத்துப் பார்த்தால் பல இடங்களில் லைன் உயிரோடுதான் இருக்கும். ஏதோ ஒரு சத்தம் வந்துகொண்டிருக்கும். என்ன சத்தம் என்று கேட்டால், "என்னமோ கீ கீன்னு கேக்குது" என்பதோடு சரி.

அந்த "கீ கீ"தான் நமக்கு வேண்டியது. டயல் டோன், மணி போகும் டோன், என்கேஜ்டு டோன், நெரிசல் டோன் எல்லாம் நெட்வொர்க் நமக்கு அனுப்பும் சேதிகள். அழைப்பு எதுவரை போயிற்று, எங்கே நின்றது என்பது அந்தச் சத்தத்திலேயே இருக்கிறது. கூடவே இன்னொன்றும் தெரிய வேண்டும்: அந்தச் சத்தத்தைப் போடுவது எந்தப் பெட்டி? கையில் இருக்கும் போனா, மூலையில் இருந்து ஆபீஸ் போன்களை வெளி லைனோடு இணைக்கும் பி.பி.எக்ஸ். பெட்டியா, சேவை நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சா, எதிர்முனை எக்ஸ்சேஞ்சா? இதற்குப் பதில் தெரியும்வரை எந்த செட்டிங்கிலும் கை வைக்காதீர்கள். கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் இது பொது.

முதலில், நம்ம நாட்டு டோன்கள் எப்படி இருக்க வேண்டும்

தென்னாப்பிரிக்காவில் டோன்கள் 400 ஹெர்ட்ஸைச் சுற்றியே வரும். டயல் டோன் விடாமல் ஒலிக்கும். ஆனால் மழுங்கலான வெறும் ஊதல் மாதிரி இருக்காது. உள்ளே ஒரு உறுமல் இருக்கும். 400 ஹெர்ட்ஸ் ஒலியின் அளவு நொடிக்கு 33 தடவை ஏறி இறங்குவதால் வரும் உறுமல் அது. மணி போகும் டோனும் அதே உறுமல்தான்: 0.4 நொடி ஒலி, 0.2 நொடி இடைவெளி, மறுபடி 0.4 நொடி ஒலி, பிறகு 2 நொடி மௌனம். என்கேஜ்டு டோன் உறுமல் இல்லாத சுத்தமான 400 ஹெர்ட்ஸ், அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். நெரிசல் டோனும் அதே சுருதி, ஆனால் இரண்டு மடங்கு வேகம்: கால் நொடி ஒலி, கால் நொடி மௌனம்.

இதில் ஒரு நுணுக்கம். நாட்டில் பெரும்பாலும் சீமென்ஸின் இ.டபிள்யூ.எஸ்.டி. எக்ஸ்சேஞ்சுகள் இருந்தன, வெஸ்டர்ன் கேப் பக்கம் அல்காடெல் எக்ஸ்சேஞ்சுகள் அதிகம். முதல் வகை 400 ஹெர்ட்ஸை 33-ஆல் ஏற்றி இறக்கும். இரண்டாவது வகை 383, 417 என்று இரண்டு ஒலிகளைச் சேர்த்துப் போடும். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 383-உம் 417-உம் கூடினால் நடுவில் 400, நொடிக்கு 34 தடவை ஏற்ற இறக்கம். அதனால்தான் அதே உறுமல் கேட்கிறது. இயந்திரத்துக்கு மட்டும் இவை வேறு வேறு. இந்த விஷயம் பின்னால் கை கொடுக்கும், ஞாபகத்தில் வையுங்கள்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.180 பரிந்துரை 425 ஹெர்ட்ஸை விரும்பினாலும் ஒவ்வொரு நாடும் தன் பழைய வழக்கத்தை விடவில்லை. அமெரிக்க டயல் டோன் 350-உம் 440-உம் சேர்ந்தது. சாதாரணப் போனை இணையத்தோடு சேர்க்க நம் கடைகளில் விற்கும் பல அடாப்டர் பெட்டிகள் அந்த அமெரிக்க டோன்களோடுதான் வருகின்றன. பாதிச் சிக்கல் இங்கிருந்து கிளம்புகிறது.

டோனைப் போடுவது யார்? கேபிளை உருவிப் பாருங்கள்

இணையம் வழி போகும் போனாக இருந்தால் இதைவிட நல்ல சோதனை இல்லை. வேலை நேரம் முடிந்த பிறகு செய்யுங்கள். புகார் வந்த எண்ணுக்கே டயல் செய்து, அந்தச் சத்தம் வரும்போது ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளை உருவுங்கள். போனுக்குப் போகும் கேபிளை உருவ வேண்டாம். அதே கேபிளில்தான் மின்சாரமும் வருகிறது என்றால் போனே அணைந்துவிடும்.

கேபிள் போன பிறகும் டோன் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா? அப்படியானால் அதைப் போடுவது உங்கள் போனோ உங்கள் பி.பி.எக்ஸ்.ஸோதான். வெளியே ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. உருவிய உடனே டோன் நின்றதா? அது வெளியிலிருந்து வந்த ஒலி. செம்புக் கம்பி லைனிலும் இதே சோதனைதான்: பி.பி.எக்ஸ்.ஸின் வெளி லைன் போர்ட்டிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள்.

இதை எழுதிக்கொண்டு, அப்புறம் உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

"ரிசீவரை எடுத்தா ஒண்ணுமே கேக்கல"

செம்புக் கம்பி லைன் இன்னும் இருக்கும் இடமா? டெல்காம் பல பகுதிகளில் செம்பை விட்டு ஃபைபருக்கும் கம்பியில்லா இணைப்புக்கும் போய்விட்டது. ஆனால் லிஃப்ட், அலாரம், பழைய ஃபேக்ஸ் என்று சில இடங்களில் செம்பு இன்னும் இருக்கிறது. பி.பி.எக்ஸ்.ஸை விட்டுவிட்டு, ஒரு சாதாரணப் போனை நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். டோன் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, பிழை உங்கள் பக்கம். வரவில்லை என்றால் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். ரிசீவர் கீழே இருக்கும்போது 48 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். எடுத்தால் பத்து வோல்ட்டுக்கு அக்கம்பக்கத்தில் இறங்க வேண்டும். வைத்திருக்கும்போதே பூஜ்யம் என்றால் தெருவில் கம்பியே இல்லாமல் இருக்கலாம்; கேபிள் திருட்டு நடக்கும் ஊரில் இதை முதலில் சந்தேகப்படுவது நியாயம். வைத்திருக்கும்போது 48 காட்டிவிட்டு, எடுத்தவுடனே ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டால் வழியில் ஒரு இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. அம்ஷ்லாங்காவிலிருந்து அமன்சிம்டோட்டி வரைக்கும் கடல் காற்று படும் கட்டடங்களில் சுவர்ப் பெட்டியைத் திறந்தால் செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, மறுபடி அழுத்திவிட்டாலே உயிர் வந்துவிடும்.

ஃபைபர் வழி போனில் டயல் டோனைப் போடுவது உங்கள் அடாப்டர் பெட்டிதான். அதனால் மௌனம் என்றால் பெட்டிக்கு மின்சாரம் இல்லை, அல்லது பெட்டி சேவை நிறுவனத்திடம் பதிவாகவில்லை. பதிவாகாதபோது சில பெட்டிகள் மௌனமாக இருக்கும், சில வேகமான என்கேஜ்டு போடும். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த 2022, 2023-இல் நிறையப் பேர் யூ.பி.எஸ். வாங்கி ரவுட்டரை மட்டும் அதில் மாட்டினார்கள். ஃபைபர் வந்து முடியும் சின்ன வெள்ளைப் பெட்டி கராஜிலோ படிக்கட்டடியிலோ வெறும் பிளக்கில் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போகும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றுக்கும் யூ.பி.எஸ். வேண்டும். கரண்ட் திரும்பிய பிறகும் மௌனம் நீடித்தால், அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அடாப்டர் முந்திக்கொண்டு எழுந்து, இணையம் இல்லாததைப் பார்த்துவிட்டு, நெடுநேரம் கழித்துத்தான் மறுபடி முயலும்.

"டோன் வருது, ஆனா புது மாதிரி இருக்கு"

உறுமல் போய் மெல்லிய, இனிமையான இரட்டை ஒலியாகக் கேட்டால் யாரோ பெட்டியை ஃபேக்டரி ரீசெட் செய்திருக்கிறார்கள். அமெரிக்க டோன் திரும்பிவிட்டது. பேசுவதற்கு இதனால் பாதகம் இல்லை. ஆனால் கோயில் ஆபீஸில் உட்காரும் பெரியவர்கள் அந்த உறுமலைக் கேட்டுத்தான் எண்ணை அமுக்குவார்கள். ஆயா ரிசீவரைக் காதில் வைத்துவிட்டு, "இது நம்ம போன் இல்ல" என்று கீழே வைத்துவிடுவார். சரிசெய்து கொடுப்பதுதான் மரியாதை.

பல அடாப்டர்களுக்கு ஒலியை ஏற்றி இறக்கத் தெரியாது. இரண்டு ஒலிகளைக் கூட்ட மட்டுமே தெரியும். மேலே சொன்ன அல்காடெல் வகை இங்கே உதவும். லிங்க்சிஸ், சிஸ்கோ எஸ்.பி.ஏ. வகைப் பெட்டிகளில் டயல் டோன் கட்டத்தில் இப்படிப் போடுங்கள்:

383@-19,417@-19;10(*/0/1+2)

குவாசுலு-நட்டாலில் பழகிய காதுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆஸ்டரிஸ்க் என்ற பி.பி.எக்ஸ். மென்பொருள் ஓடும் இடத்தில் இந்தச் சிரமமே இல்லை. டோன் கோப்பில் தென்னாப்பிரிக்காவுக்கான பகுதி தயாராக இருக்கிறது, நாட்டுக்குறியை மாற்றினால் போதும்.

டயல் டோன் விக்கி விக்கி ஆரம்பித்துப் பிறகு நேராக ஓடினால் அது பிழை இல்லை. வாய்ஸ்மெயிலில் சேதி காத்திருக்கிறது, அல்லது அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. சேதியைக் கேட்டு அழித்தால் விக்கல் நின்றுவிடும்.

"நம்பர் அமுக்கினாலும் டயல் டோன் நிக்கல"

முதல் எண்ணைப் பெட்டி புரிந்துகொண்டதும் டயல் டோனை நிறுத்த வேண்டும். நிற்கவில்லை என்றால் எண் போய்ச் சேரவில்லை. போனின் அடியிலோ பக்கத்திலோ பல்ஸ், டோன் என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும், துடைக்கும்போது நகர்ந்திருக்கும். டோனுக்குத் தள்ளுங்கள். சில பழைய போன்களில் கம்பி தலைகீழாக மாட்டப்பட்டால் கேட்பது கேட்கும், பொத்தான் மட்டும் ஊமையாகிவிடும். இரண்டு கம்பிகளையும் மாற்றி மாட்டிப் பாருங்கள்.

"டயல் பண்ணா ரொம்ப நேரம் மௌனம், அப்புறம்தான் ஏதோ சத்தம்"

பெட்டி இன்னும் எண்ணுக்காகக் காத்திருக்கிறது. 2007 ஜனவரி 16 முதல் உள்ளூர் அழைப்புக்கும் பத்து எண்கள் கட்டாயம். டர்பனுக்கு 031, டோங்காட், வெருலம் பக்கம் 032. அதே நாளில் வெளிநாட்டுக்கான 09 போய் 00 வந்தது. பழைய பி.பி.எக்ஸ்.ஸின் குறும்டயல் நினைவகத்தில் ஏழு எண் உள்ளூர் எண்களும் 09 91 என்று ஆரம்பிக்கும் சென்னை எண்களும் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. அவற்றைத் திருத்துங்கள். எண்கள் சரியாகவே இருந்து, ஒவ்வொரு அழைப்புக்கும் சில நொடி தாமதம் என்றால், எண்ணை எப்போது அனுப்புவது என்ற விதிகள் இருக்கும் டயல் பிளானைப் பாருங்கள். 0-வில் ஆரம்பித்து இரண்டாவது எண் 0 இல்லை என்றால், பத்தாவது எண் வந்த உடனே அனுப்பு என்று விதி இருக்க வேண்டும். 00-இல் ஆரம்பிப்பதற்குக் காத்திருப்பு நேரம் இருக்கட்டும்.

"மணி போற சத்தமே இல்ல, திடீர்னு ஹலோன்றாங்க"

இணையப் போன்களில் அதிகம் வரும் அறிகுறி இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

செம்புக் காலத்தில் மணி போகும் டோனை எதிர்முனை எக்ஸ்சேஞ்ச் போட்டது. பேச்சு வரும் அதே பாதையில் அதுவும் வந்தது. இணையப் போன்கள் அழைப்பை நடத்தும் சிப் (SIP) முறையில் இரண்டு வழி உண்டு. எதிர்முனையிலிருந்து 180 என்ற பதில் வெறுமனே வந்தால், "மணி அடிக்கிறது, டோனை நீயே போட்டுக்கொள்" என்று பொருள். உங்கள் போன் தன் கையிருப்பு டோனைப் போடும். 183 என்ற பதில் ஒலிப்பாதை விவரத்தோடு வந்தால், "டோனை நான் அனுப்புகிறேன், நீ கேள்" என்று பொருள். அப்போது போன் தன் டோனை நிறுத்திவிட்டு, வரும் ஒலியைத் திறந்துவிட வேண்டும்.

மௌனம் வருவது பெரும்பாலும் 183 வந்த அழைப்புகளில்தான். ஒலிப் பொட்டலங்கள் சேவை நிறுவனத்திலிருந்து கிளம்பிவிட்டன. உங்கள் ரவுட்டர் அவற்றை உள்ளே விடவில்லை. ஏனென்றால் உள்ளேயிருந்து அந்த முகவரிக்கு இன்னும் ஒரு பொட்டலமும் போகவில்லை. எதிர்முனை போனை எடுத்ததும் உங்கள் போன் பேச்சை அனுப்ப ஆரம்பிக்கிறது, ரவுட்டர் கதவைத் திறக்கிறது, "ஹலோ" காதில் விழுகிறது. "பேசறப்ப நல்லா இருக்கே, பிறகெப்படி பிழை?" என்று கடைக்காரர் கேட்பது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. என்று ஒரு வசதி இருக்கும், அதை அணையுங்கள். உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு முகவரிகளை மாற்றி எழுதி அது கெடுப்பதுதான் அதிகம். அடுத்து, பி.பி.எக்ஸ்.ஸின் ஒலிப் போர்ட் வரம்பைப் பாருங்கள். ஆஸ்டரிஸ்க் நிறுவலில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை இருக்கும். அந்த வரம்பை சேவை நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் ரவுட்டரில் திறந்துவிடுங்கள், ஊருக்கெல்லாம் வேண்டாம். பி.பி.எக்ஸ்.ஸுக்குத் தன் வெளி முகவரி என்ன என்று தெரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபைபர் மாற்றியபோது முகவரி மாறி, பழையதே செட்டிங்கில் தங்கிவிடுவது சகஜம்.

இதற்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆஸ்டரிஸ்க்கின் டயல் கட்டளையில் "ஆர்" என்ற எழுத்தைச் சேர்த்தால் பி.பி.எக்ஸ். தானே மணி டோனைப் போட்டுவிடும். மௌனம் போய்விடும், புகாரும் நின்றுவிடும். ஆனால் அதற்குப் பிறகு, அழைப்பை எடுக்கும்வரை எதிர்முனையிலிருந்து என்ன ஒலி வந்தாலும் உங்கள் காதில் விழாது. "இந்த எண் பயன்பாட்டில் இல்லை" என்ற அறிவிப்பும் அந்தப் பொய் மணிக்கு அடியில் புதைந்துபோகும்.

அதனால் வருவதுதான் அடுத்த புகார்.

"இங்க மணி போகுது, அங்க அடிக்கவே இல்லன்றாங்க"

இணையக் கேபிளை உருவிப் பாருங்கள். மணி டோன் தொடர்ந்தால் அது உங்கள் பெட்டி போடும் மணி. மேலே சொன்ன "ஆர்" இருக்கிறதா என்று தேடி எடுங்கள். பிறகு பி.பி.எக்ஸ். பதிவேட்டில் அந்த அழைப்புக்கு 180-ஓ 183-ஓ உண்மையிலேயே வந்ததா என்று பாருங்கள். வராமலே மணி கேட்டிருந்தால் அழைப்பு எதிர்முனைவரை போய்ச் சேரவில்லை.

180 வந்திருக்கிறது, ஆனாலும் அங்கே அடிக்கவில்லை என்றால், அழைப்பு வேறு எங்கோ அடிக்கிறது: திருப்பிவிடப்பட்ட எண், பூட்டிய அறையில் இருக்கும் இன்னொரு எக்ஸ்டென்ஷன், பழைய செல்போன்.

ஒன்றை வாடிக்கையாளரிடம் பொறுமையாக விளக்குங்கள். உங்கள் காதில் கேட்கும் மணியும் அங்கே அடிக்கும் மணியும் ஒன்றல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்குவதும் இல்லை. "நாலு தடவை மணி போச்சு, இங்க ஒரு தடவைதான் அடிச்சுது" என்பது பிழைக்கு ஆதாரம் ஆகாது.

ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மணி டோன்கள் கலந்து கேட்டால், உங்கள் பெட்டியும் போடுகிறது, வெளியிலிருந்தும் வருகிறது. 183 வந்ததும் உள்ளூர் டோனை நிறுத்தும்படி போன் செட்டிங்கை மாற்றுங்கள்.

"எப்பப் பாத்தாலும் என்கேஜ்டு"

எந்த என்கேஜ்டு? கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நொடியில் எத்தனை ஒலி என்று எண்ணுங்கள். பத்து வந்தால் அசல் என்கேஜ்டு: அந்த ஆள் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார், அல்லது ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை. இருபது வந்தால் நெரிசல் டோன்: அழைப்பு அந்த ஆள்வரை போகவே இல்லை, வழியில் எங்கோ இடமில்லை. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, எதிர்முனை ஆளைத் திட்டுவது தினமும் நடக்கிறது.

நெரிசல் டோன் கடைசி எண்ணை அமுக்கிய மறு நொடியே வந்தால் உங்கள் பி.பி.எக்ஸ்.ஸே போடுகிறது. வெளி லைன்கள் எல்லாம் நிரம்பியிருக்கும், அல்லது சிப் இணைப்பு பதிவு இழந்திருக்கும், அல்லது கணக்கில் பணம் தீர்ந்திருக்கும். சில நொடி கழித்து வந்தால் வெளியே தேடுங்கள். பதிவேட்டில் எண்ணைப் பாருங்கள்: 486 என்றால் அசல் என்கேஜ்டு, 503 என்றால் நெரிசல் அல்லது சேவை இல்லை, 404 என்றால் அப்படி ஒரு எண் இல்லை, 484 என்றால் எண் முழுமையாக இல்லை. ஐ.எஸ்.டி.என். என்ற பழைய டிஜிட்டல் லைன் இணைப்பில் இதே சேதி 17, 34, 1, 28 என்ற காரண எண்களாக வரும்.

கோயில்களுக்கு ஒரு தனி வார்த்தை. புனித வெள்ளியன்று மவுன்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழா, தைப்பூசக் காவடி மாதிரி நாட்களில் ஆபீஸ் போன் ஓயாது. "கோயில் போன் கெட்டுப்போச்சு" என்று வெளியிலிருந்து புகார் வந்தால், அவர்கள் கேட்டது பத்தா இருபதா என்று கேளுங்கள். பத்து என்றால் போன் நன்றாக இருக்கிறது. லைன் எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டும், அல்லது வரிசையில் காக்கவைக்கும் வசதி வேண்டும். சிப் இணைப்பில் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். திருவிழாவுக்கு முந்திய வாரமே கேட்டு உயர்த்தி வையுங்கள்.

"மூணு சுரம் ஏறிப் போகுது, அப்புறம் ஒரு அம்மா பேசறாங்க"

950, 1400, 1800 ஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு நொடி. அடுத்து ஒரு அறிவிப்பு வருகிறது, கவனி என்பதற்கான அடையாளம் இது. அறிவிப்பைக் கடைசிவரை கேளுங்கள். நிறையப் பேர் மூன்று சுரம் கேட்டதுமே வைத்துவிடுகிறார்கள். எண் மாறியிருந்தால் அதிலேயே சொல்லிவிடுவார்கள்.

"போனை வெச்ச பிறகும் லைன் விட மாட்டேங்குது"

இங்கேதான் டோன் தவறாக இருந்தால் காசு போகும்.

செம்பு லைனை பி.பி.எக்ஸ்.ஸோடு இணைத்திருக்கும் இடங்களில் வெளியிலிருந்து அழைத்தவர் வைத்துவிட்டார் என்பது பி.பி.எக்ஸ்.ஸுக்கு எப்படித் தெரியும்? சில லைன்களில் மின்னோட்டம் ஒரு கணம் அறுந்து திரும்பும். சிலவற்றில் துருவம் மாறும். எல்லா லைனிலும் இவை கிடைக்காது. அவை இல்லாத இடத்தில் மிஞ்சுவது, எக்ஸ்சேஞ்ச் போடும் என்கேஜ்டு டோன் மட்டுமே. பி.பி.எக்ஸ். அதைக் கேட்டு, இது என்கேஜ்டு என்று அடையாளம் கண்டு, லைனை விட வேண்டும். அமெரிக்க அளவில் இருக்கும் பெட்டி 480-உம் 620-உம் சேர்ந்த ஒலியைத் தேடிக்கொண்டிருக்கும். நம் 400 வந்தால் அதற்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். லைன் மாட்டிக்கொள்ளும். அடுத்து அழைப்பவர்களுக்கு என்கேஜ்டு.

உறுதி செய்வது எளிது. வாய்ஸ்மெயில் பெட்டியைத் திறந்து, அர்த்தமில்லாமல் நீளமாக இருக்கும் சேதியைக் கேளுங்கள். அழைத்தவர் ஒன்றும் சொல்லாமல் வைத்திருப்பார்; மீதி நேரம் முழுக்க டூ, டூ, டூ என்று என்கேஜ்டு டோனே பதிவாகியிருக்கும். இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அளப்பதற்கும் அந்தப் பதிவே போதும்.

அதைக் கணினியில் எடுத்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறங்கள். ஒலி இருக்கும் பகுதியை இழுத்துப் பார்த்தால் கீழே நீளம் காட்டும்: 0.5 நொடியா, 0.25 நொடியா? பிறகு அந்தத் துண்டில் எந்தெந்த ஹெர்ட்ஸ் இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் போடுங்கள். அளவை (சைஸ்) துண்டின் நீளம் இடம் கொடுக்கும்வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ரொம்பச் சின்ன அளவில் விட்டால் பக்கத்துப் பக்கத்து ஒலிகள் ஒரே மேடாகக் குழம்பிவிடும். என்கேஜ்டு டோனில் 400-இல் ஒரே ஒரு கூர்மை தெரியும். டயல் டோனை இப்படிப் பார்த்தால் 367, 400, 433 என்று மூன்று கூர்மை வரும், அல்லது 383, 417 என்று இரண்டு வரும். உங்கள் லைன் எந்த வகை எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அளந்ததை அப்படியே பெட்டிக்குக் கொடுங்கள். எஸ்.பி.ஏ. வகையில் துண்டிப்பு டோன் கட்டத்தில்:

400@-30,400@-30;4(.5/.5/1+2)

ஆஸ்டரிஸ்க்கில் செம்பு லைனுக்கான அனலாக் கார்டு என்றால், என்கேஜ்டு டோனைக் கண்டுபிடிக்கும் பிசிடிடெக்ட் (busydetect) வசதியைப் போட்டு, பேட்டர்னுக்கு 500,500 கொடுங்கள். எத்தனை ஒலி கேட்டபின் வைக்க வேண்டும் என்ற கணக்கை 6-இல் வையுங்கள். லைன் ஆறு நொடியில் விடுபடும். கால் நொடி டோன்தான் பதிவில் இருந்தது என்றால் 250,250.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் பிடிக்கவில்லை என்றால் நடுவில் ஜி.729 என்ற ஒலிச் சுருக்க முறை இருக்கிறதா என்று பாருங்கள். அது பேச்சைச் சுருக்குவதற்காகச் செய்தது. சுத்தமான டோனை அது நெளிய வைத்துவிடும். ஜி.711 ஏ-லாவுக்கு மாற்றுங்கள். ஃபைபர் வந்த பிறகு அந்தச் சிக்கனம் யாருக்கும் தேவையில்லை.

"பேசிட்டிருக்கும்போதே அறுந்துபோகுது"

மேலே சொன்னதன் மறுபக்கம். என்கேஜ்டைத் தேடும் காதுகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டன. ஆஸ்டரிஸ்க்கின் பிசிடிடெக்ட் ஒலி, மௌனம், ஒலி, மௌனம் என்று ஒரே அளவில் வருகிறதா என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறது. எதிர்முனையில் ஒரே தாளத்தில் ஓடும் காத்திருப்பு இசை இருந்தால் ஏமாந்துவிடும். வங்கிக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துக் காத்திருக்கும்போது மட்டும் அறுபடுகிறது, வீட்டுக்குப் பேசினால் அறுபடவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். எண்ணிக்கையை 6-லிருந்து 8-க்கு ஏற்றுங்கள். பேட்டர்ன் கொடுக்காமல் விட்டிருந்தால் கொடுங்கள். லைன் இரண்டு நொடி தாமதமாக விடுபடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

"இந்தியாவுக்குப் போட்டா வேற மாதிரி கேக்குது"

கேட்கத்தான் செய்யும். இந்தியாவின் மணி டோனும் 400 ஹெர்ட்ஸ்தான், இடைவெளியும் நம்முடையதே. உறுமல் மட்டும் நொடிக்கு 25. என்கேஜ்டு முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம், அதனால் மந்தமாகக் கேட்கும். அமெரிக்காவுக்கு அழைத்தால் மணி இரண்டு நொடி நீளும், நான்கு நொடி மௌனம். அந்த மௌனத்தில் "கட் ஆயிடுச்சு" என்று வைத்துவிடுகிறார்கள், பொறுக்கச் சொல்லுங்கள். செல்போனுக்கு அழைத்தால் மணிக்குப் பதில் பாட்டு வரலாம். எந்த நாட்டுக்கு அழைத்தாலும் நம் மணியே கேட்டால், டோனை உங்கள் பெட்டியோ உள்ளூர் சேவை நிறுவனமோ போடுகிறது என்று பொருள். அதுவே பிழை ஆகாது.

சேவை நிறுவனத்துக்குப் புகார் கொடுக்கும்போது

"லைன் சரியில்லை" என்று எழுதினால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி பதில் வரும். இப்படி எழுதுங்கள்: எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு நிமிடம் வரை, கடைசி எண்ணுக்குப் பிறகு எத்தனை நொடி மௌனம், பிறகு வந்த டோன் பத்து நொடிக்கு எத்தனை ஒலி, இணையக் கேபிளை உருவியதும் டோன் நின்றதா, ஓடியதா, பதிவேட்டில் வந்த சிப் எண் என்ன. டோனின் ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். பதிவுகளை அவர்கள் சில நாட்கள்தான் வைத்திருப்பார்கள், ஆகவே அதே நாளில் அனுப்புங்கள்.